சமதளத்தில் கிளம்பாத கார்

ஏரிக்கரை ரோட்டில், படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, பனி இன்னும் எழுந்திருக்க மனமில்லாமல் தண்ணீர் மேல் படுத்திருந்த ஒரு காலை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான். பக்கத்து சீட்டில், முழங்காலின் மேல் தொப்பியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பிரேக் இன்ஸ்பெக்டர். எனக்கு லைசென்ஸ் தரலாமா கூடாதா என்று முடிவு செய்ய மலைக்குக் கீழேயிருந்து வந்திருப்பவர்.

"கெளப்புங்க" என்றார்.

சாவியைத் திருப்பினேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

வண்டி நகரவில்லை.

ஏரியில் ஒரு நீர்க்கோழி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இன்னும் யாரும் வரணுமா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குக் காத்திருக்கீங்க?"

"வண்டி எறங்கட்டும்னு சார்."

அவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார். ரோடு ஏரித் தண்ணீரைப் போலவே மட்டமாகக் கிடந்தது. மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா எறங்கணும்?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு இந்த வாரத்துப் பக்கங்கள் முழுவதும் வேண்டும். அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உங்களுக்கு உண்டு என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

சரிவில் தூங்கும் வண்டிகள்

எழுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் பழைய கார் வைத்திருந்தவர்கள் சர்ச்சுக்குப் போனாலும் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனாலும், அதற்கு மேல் எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு மதம் இருந்தது. சரிவு மதம்.

மார்கழிக் காலையில் பானெட்டின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் செல்ஃப் போட்டால் வண்டி கிளம்பும் என்று நம்புகிறவன் மதுரைக்காரன். மலைக்காரன் முதல் நாள் சாயங்காலமே வண்டியை ஓர் இறக்கத்தின் உச்சியில், மூக்கு கீழ்நோக்கி இருக்க நிறுத்துவான். முன் டயருக்கு ஒரு கல் கொடுப்பான். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும். உருளும் வேகத்தில் கிளட்சை விட்டால் இன்ஜின் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி விழித்துக்கொள்ளும்.

இதற்காக மனிதர்கள் வாழ்க்கையையே சாய்த்து வைத்துக்கொண்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் வாசலில் இறக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சர்ச்சில் கல்யாணம் என்றால் பெண் வீட்டாருக்கு முன்பே கார்க்காரர்கள் வந்து மேட்டு இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே சமமான இடத்தில் நிம்மதியாக நிற்கிற வண்டிகளெல்லாம் வெளியூர் வண்டிகள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

என் மாமனார் இந்த மதத்தில் பிஷப் மாதிரி.

மிஷனில் ஒரு துரைசானியம்மாவுக்கு டிரைவராக இருந்தவர் அவர். அந்த அம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது, கப்பலில் ஏற்ற முடியாத தன் காரையும் நாயையும் மாமாவிடம் விட்டுப் போனார். நாய் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. கார் இருந்தது. பாசிப் பச்சை நிறம், தவளைக் கண் விளக்குகள், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்தும் சத்தம். வண்டிக்கு வயசு என்ன என்று யாராவது கேட்டால் மாமா, "சொதந்திரத்துக்கு அக்கா" என்பார்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதல் பாடம், கல்லை எடு. இரண்டாவது பாடம், ஓடிப் போய் ஏறு. டேஷ்போர்டில் செல்ஃப் என்று ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. மாமா அதை ஒருமுறைகூட இழுத்து நான் பார்த்ததில்லை. வெகுநாள் அதை நான் சிகரெட் பற்றவைக்கும் சாதனம் என்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸின் எதிர்வழக்கு

எனக்குக் கார் ஓட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பஸ்ஸிலிருந்து வந்தது.

அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வீடு அட்டுவம்பட்டியில். எனக்கு டீச்சர் வேலை பூம்பாறையில். நடுவில் ஓடிய பஸ் பூம்பாறைக்காரர்களுக்காகப் பிறந்த பஸ். சாயங்காலம் டவுனிலிருந்து கிளம்பிப் போய் ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளும். விடியலில் பூண்டு மூட்டைகளும் ஆட்களுமாக டவுனுக்கு வரும். திரும்ப அது பூம்பாறை போய்ச் சேரும்போது என் வகுப்பில் வாய்ப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்க ஆரம்பித்திருக்கும். நான் போக வேண்டிய நேரத்தில் அது வரும். நான் வர வேண்டிய நேரத்தில் அது போகும்.

அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை பூம்பாறையில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். தலைக்கு மேல் பரணில் பூண்டு. தலையணையில் பூண்டு. கனவில் வருகிறவர்கள்கூடப் பூண்டு வாசனையோடுதான் வந்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் என் கணவர் சீலன் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏப்பா, ரசத்துக்குப் பூண்டு உரிக்க வேணாம். டீச்சர் வந்தாச்சு."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மறுபடி பெட்டி கட்டும்போது அவரும் சிரிக்க மாட்டார், நானும் சிரிக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் கல்யாணம். மிச்ச நாள் அவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், நான் பூண்டுப் பரணுக்குக் கீழே வாடகைக்காரி.

சீலனுக்கு ஓட்டத் தெரியாது. ஒருமுறை கல்லை எடுத்தவர் வண்டியில் ஏற மறந்துவிட்டார். வண்டி தனியாகப் போய்ப் பேரி மரத்தைத் தழுவிக்கொண்டது. அன்றோடு மாமா மகனுக்குத் தடை போட்டுவிட்டார்.

ஆக, ஓட்டினால் நான்தான் ஓட்ட வேண்டும். தயங்கித் தயங்கி மாமாவிடம் கேட்டேன்.

"லைசென்ஸ வாங்கிட்டு வா தாயி, சாவிய தாரேன்" என்றார். "லைசென்ஸ் இல்லாம பூம்பாறை ரோட்ல என் வண்டி ஏறாது."

பிரேக் இன்ஸ்பெக்டர் அபூர்வமாகத்தான் மலை ஏறுவார். அவர் வரும் தேதி தெரிந்தது. டெஸ்ட் எங்கே என்றும் தெரிந்தது. ஏரிக்கரை ரோட்டில், சமதளத்தில்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "சமதளத்துலயா? அங்க எப்பிடிக் கெளப்புவ?"

யாருக்கும் தெரியவில்லை. அந்த வண்டியை நானறிய யாரும் சமதளத்தில் கிளப்பியதில்லை.

மேல் மெக்கானிக்கும் கீழ் மெக்கானிக்கும்

இங்கே ஒரு பித்தளை நட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடியில் இருக்கும், சுண்டைக்காய் அளவு. அதை மேலே ஏற்றினால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதற்காகப் பல வருடம் ஒரு போர் நடந்தது.

மாமா எப்போதாவது வத்தலக்குண்டுக்கு இறங்குவார். இறங்கியதும் வண்டி இழுக்காது, திக்கும், சூடாகும். அங்கே ஒரு மெக்கானிக். கார்பரேட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "எந்த மடையன் இத இப்பிடி ஏத்தி வச்சான்?" என்று நட்டைக் கீழே இறக்குவார். வண்டி பறக்கும். மலையேறி மூஞ்சிக்கல் வந்து சேர்வதற்குள் கறுப்புப் புகை கக்கும். அங்கே ஒரு மெக்கானிக். "எந்தக் கூறுகெட்டவன் இத இப்பிடி எறக்குனான்?" என்று நட்டை மேலே ஏற்றுவார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் மாமா மூலமாக அவர்களுக்குள் நல்ல பழக்கம். "அந்தாளு சௌக்கியமா?" என்று திட்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்வார்களாம்.

நான் சொல்லும் வருஷத்தில் மேல் மெக்கானிக் திடீரென்று துபாய்க்குப் போய்விட்டார். அதன் பிறகு மாமா ஒரு கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு போய் வந்தார். கீழ் மெக்கானிக் வழக்கம்போல நட்டை இறக்கினார். மேலே ஏற்ற ஆளில்லை. சரிவு இருந்ததால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. புகையை மாமா வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் இப்போது கோவையாக எழுதிவிட்டேன். அன்றைக்கு எங்கள் யாருக்கும் இந்தக் கோவை தெரியாது.

கம்பவுண்டர் வைத்தியம்

எங்கள் தெரு இறக்கத்தின் அடியில் ஒரு வாலிபால் மைதானம். அட்டுவம்பட்டியில் நாங்கள் அறிந்த ஒரே சமதளம். டெஸ்டுக்கு முந்திய சனிக்கிழமை வண்டியை அங்கே உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம். இனி அது தானாகக் கிளம்பினால் உண்டு. இல்லாவிட்டால் தெருவே கூடித் தள்ளி மேலேற்ற வேண்டும்.

மாமாவுக்கு நோய் என்னவென்பதில் சந்தேகமே இல்லை. குளிர். ராத்திரி இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியிருந்தார். சோக்கை முழுதாக இழுத்து வைத்தார். "குளுருக்கு இவளுக்குப் பெட்ரோல் சாஸ்தியா வேணும் தாயி. சோக்க இழுத்துட்டுக் குமிழ இழு."

இழுத்தேன். கர்ர், கர்ர் என்று ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. பேட்டரியை டவுனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் ஏற்றி வந்தோம். முனகல் பலமானது, கிளம்பவில்லை. பிளக்குகளைக் கழற்றி என் தோசைக்கல்லில் போட்டு வறுத்தேன். அன்றைக்குச் சுட்ட தோசையை மாமா ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுல ஓடிரலாம் போலயே" என்றார். மாட்டிப் பார்த்தோம். கிளம்பவில்லை.

பிறகு சீலன் வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி சிரிஞ்சோடு.

"நேரா ரத்தத்துல ஏத்திருவோம்" என்றார். சிரிஞ்சு நிறையப் பெட்ரோலை உறிஞ்சி, கார்பரேட்டரின் வாய்க்குள் பீய்ச்சினார். மாமா சோக்கை இன்னும் இழுக்க முடியுமா என்று பார்த்தார். நான் குமிழை இழுத்தேன். டப் என்று ஒரு சத்தம், ஒரு கறுப்புப் புகை வளையம். மைதானமே பெட்ரோல் பங்க் மாதிரி மணத்தது.

"ஏலே, என்னத்தலே ஊத்துன?"

"அதே பெட்ரோல்தாம்ப்பா."

"ஊசி போட்டு ஆளக் கொல்றவன்ட்ட வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்." மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டார். சர்ச்சில் பாட்டுப் பழகும் நேரம். ஏற்றத்தில் கால் வைத்தவர் திரும்பிச் சொன்னார்: "அடியில இருக்கே ஒரு பித்தள நட்டு, அத மட்டும் தொட்டுறாதீக. அது மெக்கானிக் சோலி."

பசியா, அஜீரணமா

அவர் போனதும் நான் பிளக்குகளை மறுபடி கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழலாமா என்ற யோசனையும் இருந்தது. இன்னொரு வாரம், இன்னொரு மாதம், அந்தப் பரணுக்குக் கீழே.

பிளக்குகள் கறுப்பாக இருந்தன. வெறும் கறுப்பு இல்லை, விரலில் ஒட்டும் மைக்கறுப்பு. ஈரம். இந்தக் கறுப்பை நான் எங்கோ தினமும் தேய்க்கிறேனே என்று தோன்றியது.

பாத்திரத்தின் அடி.

என் பம்ப் ஸ்டவ்வுக்கு ஒரு வியாதி உண்டு. பின்னைப் போட்டுக் குத்திக் குத்தி ஓட்டை பெரிதாகிவிட்டால் எண்ணெய் கூடுதலாக வரும், காற்று போதாது. நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். காற்று போதாது. மலையில் காற்றே கம்மிதானே. கீழே அரை மணியில் வேகும் துவரம்பருப்பு இங்கே ஒரு பொழுது கொதித்தும் பல்லைக் காட்டுவது அதனால்தானே. கீழ்நாட்டுக் காற்றுக்கு அளந்து வைத்த பெட்ரோல் இங்கே எப்படிச் சரியாக இருக்கும்?

"ஏங்க," என்றேன், "இவளுக்குப் பசி இல்ல. அஜீரணம்."

சீலன் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னது?"

"குளிர்ல பட்டினி கெடக்கான்னு நெனச்சு ஊட்டிட்டே இருக்கோம். இவ தொண்ட வரைக்கும் குடிச்சிருக்கா."

"அப்ப எங்கப்பா இழுத்த சோக்கு?"

"விருந்து."

"நான் போட்ட ஊசி?"

"விருந்துக்கு மேல பாயசம்."

கம்பவுண்டருக்கு அஜீரணம் புரியும். மறுபேச்சுப் பேசாமல் சோக்கைத் தள்ளி உள்ளே வைத்தார். நான் தரையில் மல்லாந்து, பித்தளை நட்டைப் பார்த்தேன். மாமாவின் குரல் காதில் இருந்தது. பூண்டு வாசனை மூக்கில் இருந்தது. மூக்குதான் ஜெயித்தது. நட்டை மேலே ஏற்றினேன், கொஞ்சம் கொஞ்சமாக.

பிளக்குகளைத் துடைத்து, காயவைத்து, மாட்டி, ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு குமிழை இழுத்தேன். இருமல். மறுபடி இருமல். பிறகு பக்கத்து யூகலிப்டஸ் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்ப, வண்டியும் கிளம்பியது.

மேல் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் கார்பரேட்டருக்குள் எதையோ லேசாகத் தூக்கிவிட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஸ்வெட்டர் பின்னும் ஊசி இருந்தது. அதைக் கொண்டு தூக்கினேன். சத்தம் எகிறினால் பெட்ரோல் இன்னும் அதிகம், திக்கினால் குறைவு. எகிறியது. நட்டை இன்னும் கொஞ்சம் மேலே திருப்பினேன். கடைசியில் லேசாக ஏறி, உடனே அடங்கி, சீராகத் துடித்தது.

பாட்டு முடிந்து மாமா இறக்கத்தில் வந்தார். வண்டி சமதளத்தில் நின்றபடி ஓடுவதைப் பார்த்தார். நேராக வண்டியின் பின்பக்கம் போனார். அங்கே யாருமில்லை.

"யாரு தள்ளுனது?"

"யாரும் தள்ளல மாமா."

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "நட்டத் தொட்டியாக்கும்?"

"ஆமா."

"எம்புட்டு?"

"கொஞ்சம் போல."

மாமா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது போல. "வத்தலக்குண்டுக்குப் போறப்ப மறக்காம எறக்கிரணும்" என்றார். அதுதான் அவர் தந்த சம்மதம்.

மறுபடி ஏரிக்கரை

"எங்கம்மா எறங்கணும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

பாருங்கள், வண்டி குணமாகிவிட்டது. குணமாகாதது நான். மைதானத்தில் அத்தனை முறை குமிழை இழுத்துப் பழகியும், பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்ததும் கையும் காலும் பழைய மதத்துக்குத் திரும்பிவிட்டன. தரை சாயும் என்று காத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், இறங்கத் தயாராவது போல.

அந்த அசைவில்தான் எனக்கு உயிர் வந்தது. குமிழை இழுத்தேன். ஒரே இழுப்பு. வண்டி பூனை மாதிரி முனகி எழுந்தது. அவர் தொப்பியைத் திரும்ப முழங்காலில் வைத்தார்.

பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். திருப்பச் சொன்னார், திருப்பினேன். கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் தோற்கிற இடம் அது. எனக்கு அது தாய்வீடு.

இறங்கும்போது சொன்னார்: "மொதல்ல நீங்க உக்காந்திருந்தத பாத்து, ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சு விட்டுட்டேம்மா."

தள்ள வந்தவர்

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, பூம்பாறைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நல்ல இறக்கம் ஒன்று இருந்தும், வேண்டுமென்றே பள்ளி மைதானத்தின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தினேன். திமிர்தான்.

சாயங்காலம் மணி அடித்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று பம்பரில் கை வைத்துவிட்டார்கள். கார் என்றால் தள்ளுவது என்றுதான் அவர்களுக்கும் தெரியும். குமிழை இழுத்தேன். வண்டி கிளம்பியதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு ஏமாற்றம்.

திரும்பும் ரோட்டில் பனி. பாதி வழியில் எதிரே அந்தப் பஸ். ஒதுங்கி வழி கொடுத்தேன். அது என்னை உரசிக்கொண்டு போகும்போது ஹாரனை அழுத்தி அழுத்தி அடித்தேன். இத்தனை மாதம் எதிர்த்திசையில் ஓடியதற்கு அதனிடம் நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஹாரனில் இருந்தது. ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. உள்ளே யாரென்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"சீலன் எங்க?"

"என்ன மாமா? அவரு ஆஸ்பத்திரியில இல்லயா?"

"ஒன்னத் தேடித்தான் சாயங்கால பஸ்ஸப் புடிச்சுப் போயிருக்கான். சமதளத்துல கொண்டு நிறுத்திருப்பா, கெளம்பாது, தள்ள ஒரு ஆளு வேணும்னான்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் இன்று ராத்திரி பூம்பாறையில்தான் படுக்கும். கூடவே என் கணவரும். கல்யாணமாகி முதல் தடவையாக நான் அட்டுவம்பட்டியில் இருக்கும் திங்கட்கிழமை, அவர் பூண்டுப் பரணுக்குக் கீழே.

"இருட்டிக்கிட்டு வருது தாயி. காலையில வரட்டும்."

"இன்னொரு திங்கக்கெழமைய விட முடியாது மாமா."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். "அப்ப வெரசாப் போ."

பூம்பாறை மைதானத்தில் கடைசி வெளிச்சம் இருந்தது. காலையில் நான் வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் படியில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு சீலன். யாரோ கொடுத்த வரக்காப்பி டம்ளர் கையில். அந்தக் குளிரிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சாயங்காலம் தானாவா கெளம்புச்சு?"

"ஆமாங்க."

"ஒரு ஆளுகூடத் தள்ளலையா?"

"இல்ல."

"ம்." மடித்த கைகளைப் பார்த்துக்கொண்டார். "டியூட்டிய மாத்திக் கேட்டுட்டு வந்தேன்."

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

"இந்தப் பனியில இன்னொருக்கா கெளம்புமான்னு தெரியலங்க" என்றேன்.

அவர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் போய்க் குரல் கொடுத்தார். எங்கிருந்தோ நாலைந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஏலே, எல்லாரும் சேந்து. நான் சொல்றப்பதான்" என்ற அதட்டல் கேட்டது. வண்டி மைதானத்தில் ஒரு பாதி உருண்டதும் கிளட்சை விட்டேன். உறுமிக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஓடி வந்து ஏறினார். மூச்சு வாங்கியது. குல்லாய் கோணிக்கொண்டிருந்தது.

"நான் மட்டும் வரலன்னா," என்றார், "நீ இன்னிக்கு இங்கதான்."

"ஆமாங்க" என்றேன். விளக்கைப் போட்டேன். வீட்டுக்கு வந்தோம்.